அதே குகை, அதே பாட்டு, வேறு கதை: மலைப் படங்கள் சொல்லித் தரும் திரைக்கதைக் கணக்கு

2024 பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வெளியானபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஒரு விசித்திரம் நடந்தது. மலையாளப் படம், டப்பிங் கிடையாது. ஆனாலும் உச்சக்காட்சியில் 1991-இல் வந்த ‘குணா’ படத்தின் ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டு ஒலித்ததும் அரங்கமே எழுந்து விசிலடித்தது. அந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டவர்கள்தான் அவர்கள். ‘குணா’ எடுத்த கொடைக்கானல் குகையையும் பலர் சுற்றுலா போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்கள். பாட்டிலும் புதிதாக எதுவும் இல்லை, இடத்திலும் இல்லை. அப்புறம் எதற்கு அந்த விசில்?

“திரைக்கதை நல்லா இருந்துச்சு” என்று ஒரு பதில் சொல்வோம். படம் பிடிக்காவிட்டால் “திரைக்கதை சொதப்பல்”, “செகண்ட் ஆஃப் இழுவை” என்போம். இந்தச் சொற்களைத் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் சொதப்பியது எது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிப்போம். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் குறும்படம் எடுக்கிற இளைஞர்களுக்கு இதே குழப்பம் வேறு விதத்தில் வருகிறது. பனிமூட்டம் கிடைக்கிறது, ட்ரோன் கிடைக்கிறது, படமும் அழகாக வருகிறது. பார்த்து முடித்தவர் மட்டும் “லொகேஷன் சூப்பர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நீலகிரியிலும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் எடுத்த நான்கு படங்களை எடுத்துக்கொண்டு, கதைக் கட்டமைப்பு என்றால் என்ன என்பதை அடியிலிருந்து பார்ப்போம். முடிவுகளையும் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் சில சொற்கள்

1. கதை: என்ன நடந்தது என்பது. காலவரிசைப்படி, முதலில் நடந்தது முதலில்.

2. திரைக்கதை: நடந்ததில் எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் காட்டுவது என்ற ஏற்பாடு. ஒரே கதைக்குப் பத்துத் திரைக்கதை எழுதலாம்.

3. முடிச்சு: பார்ப்பவர் மனதில் விழும் கேள்வி. ‘இவள் யார்?’, ‘அவன் பிழைப்பானா?’ போன்றது. இந்தக் கேள்வி இருக்கும்வரைதான் ஆள் நாற்காலியில் இருப்பார்.

4. விதைத்தல்: பின்னால் தேவைப்படப் போகும் ஒன்றை, தேவைப்படுவதற்கு வெகுமுன்பே, முக்கியமில்லாதது போலக் காட்டி வைப்பது. பின்னால் அது பயனுக்கு வரும் இடம் அறுவடை.

விதைத்தல் ஹாலிவுட் சரக்கு என்று யாராவது சொன்னால் சிலப்பதிகாரத்தைக் கையில் கொடுங்கள். கோவலன் விற்க எடுத்துப்போகும் சிலம்பு, பாண்டிமாதேவியின் சிலம்பு என்று இரண்டு சிலம்புகள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பரல் தெறிக்கிற அந்த ஒரு நொடியில் வழக்கு முடிகிறது, ஓர் அரசனின் உயிரும் போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கு எப்போது தெரிகிறது என்பதில்தான் அந்தக் காட்சியே நிற்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்குக்குத் திரும்ப வருவோம்.

அப்புறம், ஆனால், ஆகவே

காட்சிகளை ஒன்றோடொன்று எப்படி இணைப்பது என்பதற்கு அமெரிக்க அனிமேஷன் தொடர் எழுத்தாளர்கள் ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை சொன்னார்கள். தமிழில் அது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. இரண்டு காட்சிகளுக்கு நடுவே ‘அப்புறம்’ என்ற சொல்தான் வருகிறது என்றால் அங்கே கதை நகரவில்லை, நிகழ்ச்சிகள் வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான். ‘ஆகவே’ அல்லது ‘ஆனால்’ வந்தால் முதல் காட்சி இரண்டாவதைத் தள்ளுகிறது என்று பொருள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் ஏறியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கல்லாறில் செங்குத்தான ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர்வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஒரு பல் பிடித்த பிறகுதான் அடுத்த பல், பிடி விட்டால் வண்டி பின்னால் வழுக்கும். ‘ஆகவே’வும் ‘ஆனால்’ என்பதும் அந்தப் பற்கள்.

இந்த உதாரணத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. குன்னூருக்கு மேல் ஊட்டிவரை பல் தண்டவாளம் கிடையாது. சரிவு குறைவு என்பதால் வண்டி சாதாரணத் தண்டவாளத்திலேயே போகிறது. திரைக்கதையும் அப்படித்தான். எல்லாக் காட்சிக்கும் பல் தேவையில்லை. நண்பர்கள் சும்மா உட்கார்ந்து ஒருவரையொருவர் கலாய்க்கும் காட்சி ‘அப்புறம், அப்புறம்’ என்றே போகலாம். ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும். ‘ஒவ்வொரு காட்சியும் கதையை நகர்த்த வேண்டும்’ என்று வகுப்பெடுப்பவர்கள் குன்னூரோடு வண்டியை நிறுத்திவிட்டவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

மூன்று அங்கமும் நம் இடைவேளையும்

தொடக்கம், நடு, முடிவு என்று அரிஸ்டாட்டில் சொன்னதை 1979-இல் சிட் ஃபீல்டு என்ற அமெரிக்கர் பக்கக் கணக்காக்கினார். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். 120 பக்கத்தில் முதல் 30 அறிமுகம், அடுத்த 60 மோதல், கடைசி 30 தீர்வு. அங்கம் மாறும் இடங்களில் ஒவ்வொரு திருப்பம். உலகம் முழுக்கப் பயிலரங்குகளில் கற்பிக்கிற ‘மூன்று அங்க அமைப்பு’ பெரும்பாலும் இதன் வாரிசுதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. நடுவில் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். டீ குடிக்கப் போகிறவரைத் திரும்ப இழுத்து வர ஒரு பெரிய கேள்வியோடு கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதனால் தமிழ்த் திரைக்கதை நடைமுறையில் இரண்டு பாதிகளாகத்தான் எழுதப்படுகிறது. ‘செகண்ட் ஆஃப் இழுவை’ என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே கோளாறு: இடைவேளையில் வைத்த கேள்விக்கு விடை முன்பே தெரிந்துவிடுகிறது, புதுக் கேள்வியோ வரவில்லை.

இந்தப் பக்கக் கணக்குகள் உதவும். ஆனால் அவை கட்டட வரைபடம் மாதிரி, வீட்டுக்குள் ஒருவர் ஏன் அழுகிறார் என்பதை வரைபடம் சொல்லாது. அதற்கு வேறு கணக்கு வேண்டும்.

யாருக்கு, எப்போது, என்ன தெரியும்?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஒரு மேசையடி வெடிகுண்டைப் பற்றிச் சொல்வார். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. அதே காட்சியில் மேசைக்கு அடியில் குண்டு இருப்பதையும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதையும் நமக்கு மட்டும் முதலிலேயே காட்டிவிட்டால்? அதே சப்பைப் பேச்சு இப்போது 15 நிமிடப் பதற்றமாகிறது. நடந்தது மாறவில்லை. நமக்குத் தெரிவது எப்போது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

என் பார்வையில் கட்டமைப்பு என்பது இவ்வளவுதான். மூன்று அங்கம், ஐந்து அங்கம், நாயகனின் பயணம் என்கிற வாய்ப்பாடுகள் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை. இந்தக் கணக்கை மலைப் படங்களில் போட்டுப் பார்க்கலாம்.

1. ‘குணா’ (1991, இயக்கம் சந்தானபாரதி). மனநிலை பாதிக்கப்பட்ட ஒருவன், அபிராமி தெய்வம் தனக்கு மனைவியாக வருவாள் என்று நம்புகிறான். ஒரு பெண்ணைப் பார்த்து அவள்தான் அபிராமி என்று கடத்திக்கொண்டு மலைக்குப் போகிறான். அவள் அபிராமி இல்லை என்பது நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. அந்தக் குகைக்குள்தான் அவன் சொல்லச் சொல்ல ஒரு காதல் கடிதம் பாட்டாகிறது. கடிதம் எழுதுவது ஒரு தெய்வத்துக்கு, கேட்டுக்கொண்டிருப்பது ஒரு மனுஷி. அவள் மெல்ல மனம் மாறுவதால்தான் அந்தப் பாட்டு கேலிக்கூத்தாகாமல் காதலாகிறது.

2. ‘மூன்றாம் பிறை’ (1982, இயக்கம் பாலு மகேந்திரா). இங்கே கணக்கு அப்படியே தலைகீழ். விபத்தில் நினைவிழந்து குழந்தை மனநிலைக்குப் போய்விட்ட ஒரு பெண், விற்கப்பட்டு ஒரு விபசார விடுதியில் சிக்குகிறாள். ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்தியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் சீனு அவளை மீட்டு மலைக்கு அழைத்து வருகிறான், குழந்தை மாதிரி வளர்க்கிறான், அவள் குணமாக வேண்டும் என்று வைத்தியம் தேடுகிறான். குணமாகிறாள். அவன் அருகில் இல்லாத நேரத்தில். பழைய நினைவு திரும்பும்போது நடுவில் வாழ்ந்த மலை வாழ்க்கை முழுவதும் அழிந்துவிடுகிறது.

அந்தக் கேத்தி ரயில் நிலையக் காட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது எழுதப் பழகுகிறவருக்குப் பெரிய பயிற்சி. சீனுவுக்கு அவள் யார் என்று தெரியும். நமக்கும் தெரியும். அவளுக்கு அவன் யாரென்றே தெரியாது. வண்டி கிளம்பப்போகிறது. அவளைச் சிரிக்கவைக்க வீட்டில் செய்த குரங்குச் சேட்டைகளை நடைமேடையில் செய்து காட்டுகிறான், தலையில் பானையை வைத்துக்கொண்டு. வீட்டில் அது விளையாட்டாக இருந்தது. நமக்கு அப்போது அது விதை என்றே தெரியவில்லை. அடிபட்டு, சேறு பூசி நிற்கும் ஒருவன் அதையே செய்யும்போது அவள் கண்ணுக்குப் பிச்சைக்காரனாகத் தெரிகிறான். சாப்பாட்டை எறிகிறாள்.

இந்தக் காட்சியில் வில்லன் இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை. அவள் செய்தது உண்மையில் ஓர் இரக்கச் செயல், அதனால்தான் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை வசனத்தில் ‘நான்தான் உன்னைப் பார்த்துக்கிட்டேன்’ என்று சொல்லிப் புரியவைக்க அவகாசம் கொடுத்திருந்தால் காட்சி செத்திருக்கும். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே ரயில் ஜன்னல் அகலத்துக்கு ஓர் இடைவெளி, அது நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கமல்ஹாசன் இரண்டு படத்திலும் இருக்கிறார் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது: குணாவுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியாது, சீனுவுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். ஒரே நடிகர், ஒரே மாதிரி மலை, பைத்தியம் என்ற ஒரே பொருள். தகவல் இருக்கும் இடம் மாறியதும் ஒன்று கனவாகவும் மற்றது கொடுமையாகவும் ஆகிவிடுகிறது. ‘மூன்றாம் பிறை’யில் இன்னொரு பெண் சீனுவை விரும்பும் துணைக்கதையைத் தேவையற்ற கவர்ச்சி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அதில் வரும் நடனத்தைப் பற்றி எப்படியும் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் வயதான கணவனோடு வாழும் அந்தப் பெண் சீனுவை விரும்புகிறாள், அவன் கண்டுகொள்ளாமல் போகிறான். ஒருவரின் முழு ஆசை இன்னொருவரின் கண்ணிலேயே படாமல் போவது எப்படியிருக்கும் என்று படம் நமக்கு முன்பே ஒத்திகை காட்டிவிடுகிறது. கடைசியில் அந்த இடத்தில் அவன் நிற்கிறான்.

3. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ (2024, இயக்கம் சிதம்பரம்). கொச்சி அருகே மஞ்சும்மல் ஊரிலிருந்து 2006-இல் கொடைக்கானல் வந்த நண்பர் குழுவுக்கு நடந்த உண்மைச் சம்பவம் அடிப்படை. ஒருவன் குகைக்குள் ஆழமான பள்ளத்தில் விழுகிறான். போலீஸ் நம்ப மறுக்கிறது. உள்ளே விழுந்தவர் திரும்பியதில்லை என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். தீயணைப்புத் துறையினர் இறங்கத் தயங்கும்போது நண்பன் ஒருவன் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறான்.

படத்துக்குப் போகும்போதே ஒருவன் விழுவான் என்று நமக்குத் தெரியும். ஹிட்ச்காக்கின் குண்டு டிக்கெட் வாங்குமுன்பே மேசைக்கு அடியில் இருக்கிறது. அதனால் வேலியைத் தாண்டி உள்ளே போனபின் அவர்கள் வைக்கும் ஒவ்வோர் அடியும், எடுக்கும் ஒவ்வொரு போட்டோவும் நம்மைப் படுத்துகிறது. விழுந்தபின் கணக்கு பிரிகிறது: மேலே நிற்பவர்களுக்கு அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது, கீழே கிடப்பவனுக்கு யாராவது வருவார்களா என்று தெரியாது.

முதல் பாதி வெட்டியாகப் போகிறது என்று பலர் சொன்னார்கள். கல்யாண வீடு, வாய்ச்சண்டை, வண்டியில் பாட்டு, கூத்து. பல் தண்டவாளம் இல்லாத பகுதி அது. ஆனால் அங்கேதான் வடம் இழுக்கும் போட்டி வருகிறது. எல்லாரும் சேர்ந்து ஒரு கயிற்றை இழுக்கிறார்கள். அப்போது அது ஊர் விளையாட்டு. பின்பாதியில் கயிற்றின் மறுமுனையில் இரண்டு உயிர் தொங்கும்போது அதே கைகள், அதே இழுப்பு. இதைவிடச் சுத்தமான விதைத்தலைச் சமீபத்தில் பார்த்ததாக நினைவில்லை.

இப்போது விசிலுக்கு வருவோம். அவர்கள் அந்தக் குகைக்குப் போவதே அது ‘குணா’ எடுத்த இடம் என்பதால்தான். பாட்டைப் படம் முன்பே விதைத்துவிடுகிறது. ஆனால் நம் ஊர் அரங்கில் அந்த விதைக்கு 32 வயது. காதல் பாட்டு என்று கேட்டுப் பழகியவர்களின் முன்னால், இது சாதாரண மனிதக் காதல் இல்லை என்று பொருள்படும் அந்த வரி, ஒரு நண்பனைத் தோளில் கட்டிக்கொண்டு இன்னொருவன் இருட்டிலிருந்து மேலே வரும்போது ஒலிக்கிறது. வரிக்குப் பொருள் மாறுவதை அரங்கமே ஒரே நொடியில் கண்டுபிடிக்கிறது. யாரும் விளக்கவில்லை. தானே கண்டுபிடித்த ஆள்தான் விசிலடிப்பார்.

தெப்பக்காட்டு யானைக்குட்டி: நல்லது நடக்க நடக்க

ஆவணப்படத்துக்குத் திரைக்கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுத்த ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வெஸ் இயக்கியது, ஏறத்தாழ 40 நிமிடம். காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் தாயை இழந்த ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கிறார்கள். பின்னால் அம்மு என்ற இன்னொரு குட்டியும் வருகிறது.

சண்டையில்லை, வில்லனில்லை. பின் எது நம்மைப் பிடித்து வைக்கிறது? அடுக்கிப் பார்ப்போம். அடிபட்டு வந்த குட்டி பிழைக்க வேண்டும், ஆகவே இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே அது தேறுகிறது, வளர்கிறது. ஆனால் வளர்ந்த யானையை வேறு பாகரிடம் ஒப்படைக்க வனத்துறை முடிவு செய்கிறது. அவர்கள் நன்றாக வளர்த்ததே பிரிவைப் பக்கத்தில் கொண்டு வந்துவிட்டது.

‘மூன்றாம் பிறை’யின் எலும்புக்கூடு இதுதான். சீனு விரும்பியது அவள் குணமாக வேண்டும் என்று. குணமானாள், ஆகவே இழந்தான். ஒன்று கற்பனைக் கதை, மற்றது உண்மை வாழ்க்கை, நடுவில் நாற்பது ஆண்டு. இரண்டிலும் நாயகர்கள் தங்கள் இலக்கை அடைகிறார்கள், அடைந்ததே அடி. கேத்திக்கும் தெப்பக்காட்டுக்கும் நடுவே ஒரு மலைப்பாதைதான் தூரம் என்பது தற்செயல்.

‘நாயகனுக்கு ஓர் இலக்கு வை, அதற்குத் தடை வை’ என்று பயிலரங்குகளில் சொல்வார்கள். சரிதான். இந்த இரண்டு படமும் அதற்கு மேல் ஒரு படி போகின்றன: தடையை வெளியிலிருந்து கொண்டு வராமல் இலக்குக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. இதை எழுதுவது கடினம். எழுதிவிட்டால் வில்லனுக்குச் செலவில்லை.

மலை என்ன வேலை செய்கிறது?

தொல்காப்பியம் இதற்கு ஒரு கருவி தருகிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அங்கே உள்ள தெய்வம், மக்கள், விலங்கு, மரம், தொழில். உரிப்பொருள் அந்த நிலத்துக்குரிய மன ஒழுக்கம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குப் பெரும்பொழுது (பருவம்) குளிர்காலமான கூதிரும் முன்பனியும், சிறுபொழுது (நாளின் நேரம்) நள்ளிரவான யாமம், உரிப்பொருள் புணர்தல், அதாவது காதலர் கூடுவது.

நம் நாயகர்கள் பல்லாண்டுகளாகச் சென்னையில் காதலித்துவிட்டு டூயட் பாட மட்டும் ஊட்டிக்கு ஓடி வந்தார்களே, பாவம், தொல்காப்பியத்தைப் படிக்காமலே பின்பற்றியிருக்கிறார்கள். கதைக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது. மலை வெறும் திரைச்சீலை.

தொல்காப்பியர் இன்னொன்றும் சொல்கிறார். நிலமும் நிலமும் கலக்காது, ஆனால் ஒரு திணைக்குரிய ஒழுக்கம் இன்னொரு நிலத்தில் வரலாம். திணை மயக்கம் என்பது அது. நினைவில் நின்ற மலைப் படங்களில் நடந்திருப்பது இந்த மயக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘மூன்றாம் பிறை’ பனியும் பச்சையுமான குறிஞ்சி நிலத்தில் பாலையின் உரிப்பொருளான பிரிவைக் கொண்டு வைக்கிறது. சேரப்போகிறார்கள் என்று நிலம் சொல்லிக்கொண்டே இருக்கிறது, கதை பிரித்துவிடுகிறது.

பனிமூட்டத்துக்கும் இதே விதி. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920 வாக்கில் செய்த சோதனை புகழ்பெற்றது. ஒரு நடிகரின் அதே முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டியபோது, பார்த்தவர்கள் முகத்தில் பசி, துயரம், ஆசை என்று வெவ்வேறாகப் படித்தார்கள். முகம் மாறவே இல்லை. தொட்டபெட்டாவில் நீங்கள் பிடித்த பனிக்கும் சொந்தப் பொருள் கிடையாது. காதலர்களுக்குப் பின்னால் வந்தால் போர்வை. காணாமல் போன பையனைத் தேடும் அம்மாவுக்குப் பின்னால் வந்தால் சுவர். எதற்கும் பின்னால் வராமல் தனியாக நின்றால் ‘லொகேஷன் சூப்பர்’.

ஒரு மூட்டைத் தேயிலையை வைத்துச் செய்து பார்ப்போம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயி, வயதானவர், அவருடைய பேத்தி. பத்து நிமிடக் குறும்படம். கற்பனைதான், ஆனால் மலைக்காரர்களுக்குத் தெரிந்த வாழ்க்கை.

முதல் வடிவம்: பெரியவர் காலையில் இலை பறிக்கிறார். அப்புறம் மழை வருகிறது. அப்புறம் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் பேத்தி போன் செய்கிறாள். அப்புறம் கண் கலங்குகிறார். ட்ரோன் மேலே போகிறது, வயலின்.

இரண்டாம் வடிவம்:

1. பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்கு நாளைக் காலை பணம் கட்ட வேண்டும். ஆகவே பெரியவர் மழைக்கு முன்பே தோட்டம் முழுவதும் பறித்துவிடுகிறார். இன்று இலையைக் கொடுத்தால் பணம் கைக்கு வரும்.

2. ஆனால் சாலையில் மரம் விழுந்து, இலை ஏற்றும் லாரி மேலே வரவில்லை.

3. ஆகவே ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் தொழிற்சாலைக்கு இறங்குகிறார்.

4. ஆனால் வழியில் காட்டெருமை ஒன்று நிற்கிறது. ஆகவே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அது நகரும்வரை அசையாமல் நிற்கிறார்.

காரண காரியம் சரியாகிவிட்டது. ஆனாலும் நான்காவது காட்சி இன்னும் மொக்கைதான். ஒரு கிழவர், ஒரு காட்டெருமை, ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது தகவலுக்கு வருவோம். பறித்த பச்சைத் தேயிலையை மூட்டையில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறும். நேரம் போகப் போக இலை சிவந்து கெட்டுவிடும், தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள். இது தேயிலைக்காரர்களுக்குத் தெரியும், படம் பார்க்கும் மதுரைக்காரருக்குத் தெரியாது. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பத்து நொடிக் காட்சி வையுங்கள்: பெரியவர் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விடுகிறார், முகம் சுளிக்கிறார், மூட்டையைக் கொட்டி இலையைப் பரப்பிவிடுகிறார். பேத்தி “எதுக்கு தாத்தா?” என்று கேட்க, “சூடு ஏறுதும்மா. செவந்துட்டா குப்பைதான்” என்கிறார். அத்தோடு விட்டுவிடுங்கள்.

இனி காட்டெருமைக் காட்சியில் எருமையைக் காட்டவே வேண்டாம். தரையில் கிடக்கும் மூட்டையைக் காட்டினால் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். பெரியவர் கை விட்டுப் பார்க்கலாம், ஆனால் அசைந்தால் எருமை பாயும். ஒன்றுமே நடக்காத அந்த ஐந்து நிமிடம் இப்போது படத்தின் உயரமான இடம். அந்தப் பத்து நொடிக் காட்சியை எருமைக்குப் பிறகு, விளக்கமாக வைத்தீர்கள் என்றால் ‘ஐயோ பாவம்’ மட்டும் மிஞ்சும்.

முடிவுக்கு மூன்று வழி தெரிகிறது. இலை கெட்டது என்று நமக்கும் அவருக்கும் பேத்திக்கும் தெரிவது ஒன்று. மூவரும் சேர்ந்து அழலாம், தப்பில்லை, ஆனால் சாதாரணம். தொழிற்சாலையில் மூட்டையைப் பிரிக்கும்வரை யாருக்குமே தெரியாமல் இருப்பது இரண்டாவது. பரவாயில்லை, நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளும்.

மூன்றாவதில், பாதி வழியிலேயே கை விட்டுப் பார்த்து அவர் தெரிந்துகொள்கிறார், இலையைச் சரிவில் கொட்டிவிடுகிறார். நாமும் பார்க்கிறோம். இரவு காலிச் சாக்கோடு வீடு திரும்புகிறார். அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டு பேத்தி, “எல்லாத்தையும் குடுத்துட்டீங்களா தாத்தா?” என்று சிரித்த முகத்தோடு கேட்கிறாள். காமிராவைப் பெரியவர் முகத்தில் வைப்பதா, பேத்தியின் முகத்தில் வைப்பதா என்பதை எடுக்கிறவர் முடிவு செய்துகொள்ளலாம். நானாக இருந்தால் சாக்கின் மேல் வைப்பேன்.